கவிழ்த்துப் பார்க்காத ஷூ

ஏலகிரியில் சுவாமிமலைக்கு ஏறும் பாதையில் பாதித் தூரம் போயிருப்போம். என் வலது ஷூவின் சோல் போய்விட்டது. கழன்றது என்றுகூடச் சொல்ல முடியாது, காய்ந்த கேக் மாதிரி உதிர்ந்தது. பின்னால் வந்த பேரன் ஒரு துண்டைப் பொறுக்கி, "தாத்தா, உங்க ஷூ பொடியாயிடுச்சு" என்று நீட்டினான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 31 வருஷம் சோல் ஒட்டும் பிரிவில் இருந்தவன் நான். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மரத்தைப் பார்த்தான். வாக்கிங் போகும் கேன்வாஸ் ஷூவோடு வந்திருந்த என் மனைவி அடக்கவே இல்லை.

சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கூடாரம் வந்து சேர்ந்தேன். தப்பு என்னுடையதுதான். அது பாலியூரித்தேன் சோல். நல்ல விலை கொடுத்து வாங்கியது, பத்திரமாக இருக்கட்டும் என்று எட்டு வருஷம் பரணில் வைத்திருந்தேன். பாலியூரித்தேனுக்குக் காற்றின் ஈரமே எமன். பெட்டியைத் திறக்காவிட்டாலும் அது உள்ளுக்குள் சிதைந்துகொண்டேதான் இருக்கும். மேல்தோல் புதுசாக மின்னியது, அதைப் பார்த்து மாட்டிக்கொண்டேன். கவிழ்த்துப் பார்த்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் தெரிந்திருக்கும்.

யோசித்தால் எங்கள் ஊரின் கதையே மேல்தோலின் கதைதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஆவாரம்பட்டை போட்டு மாட்டுத்தோலைப் பதனிடுவார்கள். அது சென்னைப் பெரியமேடு வியாபாரிகள் கைமாறி லண்டனுக்குக் கப்பலேறியது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு பூட்ஸ் வேண்டியிருந்தது. மேல்பாகத்துக்கு ஏற்ற தோல் என்று, சென்னை மாகாணத்தின் பட்டைத்தோலை பிரிட்டிஷ் அரசே வாங்கிக் குவித்தது. சிப்பாயின் காலுக்கு மேலே எங்கள் ஆவாரம்பட்டை, காலுக்குக் கீழே சீமை இரும்பு. அந்த பூட்ஸின் அடியில் வரிசையாக ஆணி அடித்திருப்பார்கள்.

மலை ஏறுகிறவர்களும் அந்தக் காலத்தில் ஆணி பூட்ஸைத்தான் நம்பினார்கள். புல்சரிவு, சேறு, இறுகிய பனி எல்லாவற்றிலும் ஆணி கவ்விப் பிடிக்கும். எவரெஸ்டில் 1924ல் காணாமல்போன ஜார்ஜ் மலோரியின் உடல் 1999ல் கிடைத்தபோது ஒரு காலில் ஆணி பூட்ஸ் அப்படியே இருந்தது. அவரோடு போன ஆண்ட்ரூ இர்வினின் பூட்ஸ் 2024ல் எவரெஸ்டின் வடபுறப் பனியாற்றில் அகப்பட்டது. உள்ளேயிருந்த காலுறையில் தைத்திருந்த பெயர்ச்சீட்டுதான் அது யாருடையது என்று சொன்னது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாக்ஸில் பெயர் தைப்பது நினைவுக்கு வந்து, அந்தச் செய்தியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

ஆணிக்கு இரண்டு குறை. இரும்பு பாதத்தின் சூட்டை உறிஞ்சி வெளியே விட்டுவிடும். வெறும் பாறையில் கிறீச்சிட்டு வழுக்கும். அதனால் ஆல்ப்ஸ் மலையில் ஏறியவர்கள் அடிவாரம் வரை ஆணி பூட்ஸில் நடப்பார்கள். செங்குத்துப் பாறை வந்ததும் கம்பளி நமுதாவிலோ கயிற்றிலோ அடி வைத்த லேசான காலணிக்கு மாறுவார்கள். பாறையில் அது நன்றாக ஒட்டும், ஆனால் பனி கொட்டினால் துணி சுற்றிய கால்தான்.

1935ல் புன்டா ராசிகா என்ற சிகரத்தில் அப்படித்தான் பனி கொட்டியது. இத்தாலியர் குழு ஒன்று புயலில் சிக்கி, ஆறு பேர் இறந்தார்கள். அவர்களுடைய நண்பர் மிலான் நகரத்து மலையேறி விதாலே பிரமானி. குளிர் தாங்காத அந்தக் காலணியும் சாவுக்கு ஒரு காரணம் என்பது அவர் மனதை விட்டுப் போகவில்லை. ஆணியின் பிடியும் வேண்டும், நமுதாவின் ஒட்டும் வேண்டும், இரண்டும் ஒரே அடியில் வேண்டும். டயர்க் கம்பெனி பிரெல்லியின் பண உதவியோடு, கெட்டி ரப்பரில் ஆழமான பற்கள் வார்த்து 1937ல் காப்புரிமை வாங்கினார். பீரங்கி வண்டியின் சங்கிலித் தடம் போல் இருந்ததால் அதற்குப் பெயரும் இத்தாலிய மொழியில் பீரங்கி வண்டி என்றே வைத்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளையும் குடும்பப் பெயரின் முதலெழுத்துகளையும் வெட்டி ஒட்டியதுதான் விப்ரம் என்ற கம்பெனிப் பெயர். 1954ல் கே2 சிகரத்தை முதன்முதலாகத் தொட்ட இத்தாலியர்களின் காலடியில் அந்த ரப்பர் இருந்தது. இன்று கடையில் தொங்கும் எந்த மலை ஷூவைத் திருப்பினாலும் பிரமானியின் பற்கள் ஏதோ ஒரு வடிவில் தெரியும்.

கூடாரத்தில் அன்றிரவு பேரனுக்கு இன்னும் பழைய கதை ஒன்றைச் சொன்னேன். 1991ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்சி என்ற மனிதனின் கதை. அவன் வாழ்ந்து 5,300 வருஷம் ஆகிறது. அவன் காலணிக்கு அடி கரடித்தோல், மேலே மான்தோல், உள்ளே மரப்பட்டை நாரில் வலை பின்னி அதில் காய்ந்த புல் அடைத்திருந்தது. ஸ்லீன் நகரில், பாட்டா கம்பெனி பிறந்த அதே ஊரில், பீட்டர் ஹ்லாவாச்செக் என்ற காலணிப் பேராசிரியர் அதே மாதிரி செய்து மலையில் நடந்து பார்க்கவைத்தார். நன்றாகவே உழைத்தது. "அடிக்கு ஒரு தோல், மேலுக்கு ஒரு தோலா?" என்று பையன் கேட்டான். ஆமாம், ஓட்சிக்குத் தெரிந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. 1970களில் அரசு அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திய பிறகுதான் எங்கள் பக்கத்துத் தோல்ஷாப்புகள் காலணி பக்கம் திரும்பின. அப்போதும் முதலில் போனது அப்பர் மட்டும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து தைத்த மேல்பாகத்தைப் பெட்டியில் அனுப்புவோம், சோலை ஐரோப்பாவில் ஒட்டிக்கொள்வார்கள். நான் 1988ல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் கம்பெனியில் முழு ஷூ ஓட ஆரம்பித்திருந்தது. லாஸ்ட் என்கிற கால் அச்சில் இழுத்த அப்பரின் அடிவிளிம்பைச் சொரசொரப்பாக்கி, சொல்யூஷன் தடவிக் காயவிட்டு, சூடுகாட்டி, பிரஸ்ஸில் வைத்து அழுத்துவோம். தேய்க்காமல் விட்ட இடம் ஒரு விரல் அகலம் இருந்தாலும் போதும், அங்கிருந்துதான் வாய் பிளக்கும்.

போன மாதம் மறுபடி ஏலகிரி கிளம்பினோம். முந்தின நாள் மாலை எல்லோருடைய ஷூவையும் திண்ணையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன். பல் தேய்ந்திருக்கிறதா, விரல் மடங்கும் இடத்தில்தான் மடங்குகிறதா, ஓரத்தில் வாய் பிளந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பேரனின் பள்ளிக்கூட ஷூவைத் தள்ளிவைத்தேன். அதன் அடி மொழுக்கென்று இருந்தது, வகுப்பறைக்குத்தான் ஆகும்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது? ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தாலே வீட்டுல சண்டை வரும்பாங்க. இங்க அத்தனையும் கவிழ்ந்து கிடக்குது!"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால், வரிசையின் கடைசியில் அவளுடைய கேன்வாஸ் ஷூவும் கவிழ்ந்து கிடந்தது.