பெட்டியும் முகவீணையும்: தொண்டைமண்டலத்துக் கூத்துப் பாட்டின் கதை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வாலாஜாபாத், காஞ்சிபுரம், செய்யாறு என்று நீளும் வட தமிழகச் சமவெளி கட்டைக்கூத்தின் தாய்நிலம். தெருக்கூத்து என்றும் இதைச் சொல்வதுண்டு. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடிச் சில்லும் வண்ணத்தாளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் பார்த்தவுடன் கண்ணில் நிற்கும். படம் பிடிக்க வருகிறவர்களும் அவற்றைத்தான் பிடிக்கிறார்கள். ஆனால் இரவு பத்து மணிக்குத் தொடங்கும் கூத்தை விடியும்வரை தாங்கிப் பிடிப்பது பாட்டு. வேடக்காரர் தாமே பாடி, தாமே ஆடி, தாமே வசனமும் பேசுகிறார். அவர் விட்ட அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாட, அந்த இடைவெளியில்தான் அவர் மூச்சு வாங்குகிறார்.

இந்தப் பகுதி ஏரிப்பாசனத்தை நம்பியிருந்தது. அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் ஊருக்கு ஓய்வு. பங்குனி, சித்திரை தொடங்கி ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். அன்று சொன்ன கதையே இரவில் கூத்தாக வரும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று நாளுக்கொன்றாக நகர்ந்து, மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் படுகளத்திலும் தீமிதியிலும் விழா முடியும். ஒரு காலத்தில் கூத்தாடுவது சில குடும்பங்களுக்குப் பரம்பரை உரிமையாகவும் ஊருக்குச் செய்யவேண்டிய கடமையாகவும் இருந்தது. கூலி நெல்லாக வந்தது. பிறகு வாத்தியாரைத் தலைவராகக் கொண்ட ஜமாக்கள் என்னும் கூத்துக் குழுக்கள் பெருகின. வெற்றிலை பாக்கு வைத்து நாள் குறித்து, பேசிய தொகைக்கு ஆடும் தொழிலாகக் கூத்து மாறியது. ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத, சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவர்கள். அரசர்களின் கதையைப் பாடிய குரல்கள் அவர்களுடையவை என்பதை மறந்துவிட்டு இந்த இசையைப் புரிந்துகொள்ள முடியாது.

சாவு வீட்டுக் கருமாதிக்கும் கூத்து வைப்பதுண்டு. அன்றைக்குப் பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். அவன் பிறப்பைச் சொல்லி அவள் இழிவாகப் பேசுகிறாள். தாளமில்லாத விருத்தத்தில் கர்ணன் தன் குறையைச் சொல்லும்போது மிருதங்கமும் டோலக்கும் ஓய்ந்துவிடும். சுருதி மட்டும் நிற்கும். விருத்தம் முடிந்து தரு எடுத்ததும் தாளம் வந்து சேர்ந்துகொள்ளும், கால் சலங்கையும் கூடவே எழும். பிறப்பால் தாழ்த்தப்பட்ட ஒருவனின் ஆற்றாமையை, அதே ஆற்றாமையை அறிந்த ஒரு பாடகர், இழவு கண்ட வீட்டார் முன் பாடுகிறார். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ப்ளூஸ் இசைக்குத் தமிழில் நிகர் தேடுபவர்கள் சென்னை கானாவைச் சுட்டுவது வழக்கம். கர்ணனின் விருத்தத்தையும் அதன் பக்கத்தில் வைக்கவேண்டும்.

கூத்தின் பழைய காற்றுக் கருவி முகவீணை. நாகசுரத்தின் குட்டி உருவம் என்று சொல்லத்தக்க சீவாளிக் கருவி அது. ஒலி மெல்லியதல்ல, கூர்மையானது. ஒலிபெருக்கி இல்லாத நாளில், திறந்த வெளியில் கடைசி வரிசைக்கும் எட்டவேண்டியிருந்ததால் பாடகர்களும் மேல் சுருதியில், தொண்டை திறந்து பாடினார்கள். நாட்டை, மோகனம், ஆரபி, முகாரி என்று ராகப் பெயர்கள் கச்சேரி மேடைக்கும் கூத்துக்கும் பொதுவானவை. பாடும் விதம் வேறு. முகவீணை பாடகரின் குரலை ஒட்டியே வளைந்து, அவர் நிறுத்திய இடத்தில் இழையை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

ஆர்மோனியம் பிற்பாடு வந்து சேர்ந்தது. 1840களில் பிரான்சில் காப்புரிமை பெற்ற கருவி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தியை அசைத்து வாசிக்கும் பெட்டியாக உருமாறியது. பார்சி நாடகக் குழுக்களோடு தெற்கே வந்து, சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடையில் தவிர்க்க முடியாததாகி, கூத்துக் களரிக்கும் வந்தது. படித்த இசையுலகம் அதை விரும்பவில்லை. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1970களின் தொடக்கத்தில்தான் தடை தளர்ந்தது. கட்டைகளில் அடைபட்ட பன்னிரண்டு சுரங்களால் கமகத்தைக் காட்ட முடியாது என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆனால் கூத்துப் பெட்டிக்காரர் அந்தக் குறையோடுதான் வேலை செய்தார். குரல் வளையும் இடத்தில் பக்கத்துக் கட்டைகளை விரைவாகத் தொட்டு எடுத்து, வளைவு இருப்பதுபோல் காதை நம்பவைத்தார்.

இதே சிக்கல் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பியானோ வாசித்த ப்ளூஸ் கலைஞர்களுக்கும் இருந்தது. ப்ளூஸின் உயிர் இரண்டு சுரங்களுக்கு நடுவில் விழும் இழுப்பில் இருக்கிறது. கித்தாரில் கம்பியை இழுத்தால் அது வந்துவிடும், பியானோவில் வராது. எனவே அவர்கள் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டைச் சேர்த்து நசுக்கி அந்த இடையொலியை உணர்த்தினார்கள். மிசிசிப்பியில் பிறந்து சிகாகோவில் வாழ்ந்த ஓட்டிஸ் ஸ்பேன் 1960இல் பதிவு செய்த ‘ஓட்டிஸ் ஸ்பேன் இஸ் தி ப்ளூஸ்’ தொகுப்பில் இதைத் தெளிவாகக் கேட்கலாம். துணைக்கு ஒரு கித்தார் மட்டும்.

ப்ளூஸுக்கு இசைத்தட்டு பேருதவி செய்தது. 1920இல் மேமி ஸ்மித் பாடிய தட்டு விற்ற வேகத்தைக் கண்டு நிறுவனங்கள் கறுப்பினப் பாடகர்களைத் தேடிப் போயின. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம். ப்ளூஸ் பாட்டு அந்த அளவுக்குள் அடங்கியது. இங்கே அந்தத் தட்டுகளில் ஏறியது நாடக மேடைப் பாட்டு. எஸ். ஜி. கிட்டப்பா, கே. பி. சுந்தராம்பாள் குரல்கள் அப்படித்தான் ஊர் ஊராகப் போயின. திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கி, திரை விலகி வேடம் வெளிப்படவே வெகுநேரம் எடுத்துக்கொள்ளும் கூத்துக்கு அந்த மூன்று நிமிடம் எந்த மூலைக்கு? இதனால் பழைய வாத்தியார்களின் குரல்கள் அவர்களோடு போயின. இது பெரிய இழப்பு.

ப்ளூஸ் பாடகர்கள் பருத்திக் காட்டை விட்டுத் தொழிற்சாலை நகரங்களுக்குப் போனார்கள். மட்டி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ சென்று ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே பாடினார். நகரத்துச் சத்தத்தை மீற மின்கித்தார் பிடித்தார். தொண்டைமண்டலத்தில் நடந்தது தலைகீழ்: தொழிற்சாலை ஊருக்கே வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் திறந்தது. நடுவில் நோக்கியா 2006இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்து 2014இல் மூடியது. வயல் வேலையின் ஓய்வுக் காலத்தை ஒட்டி அமைந்த கலைக்கு மூன்று ஷிப்ட் கணக்கு பொருந்தவில்லை. காலை ஆறு மணி ஷிப்டுக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர் விடிய விடிய உட்கார முடியாது. மாதச் சம்பளம் கிடைக்கும் வீட்டில் பிள்ளையை ஜமாவுக்கு அனுப்பவும் யோசிப்பார்கள்.

கூத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் பொ. ராஜகோபால், ஆய்வாளர் ஹன்னே டி ப்ரூயின் முயற்சியில் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவானது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் அவர்கள் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலையில் பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். 2017இல் கர்நாடக இசைப் பாடகர்கள் டி. எம். கிருஷ்ணாவும் சங்கீதா சிவகுமாரும் ராஜகோபால் குழுவும் ஒரே மேடையில் பாடினார்கள். யாருடைய சுருதியில் பாடுவது என்பதே அந்த மேடை எதிர்கொண்ட முதல் கேள்விகளில் ஒன்று. கூத்தின் மேல் சுருதி கச்சேரிக் குரலுக்கு எளிதல்ல.

இசைத்தட்டு விட்டதைக் கைப்பேசி ஓரளவு பிடித்திருக்கிறது. செய்யாறு, காஞ்சிபுரம் பக்கத்து ஜமாக்களின் முழு இரவுக் கூத்துகள் பல மணி நேரப் பதிவுகளாக யூடியூபில் கிடைக்கின்றன. அவற்றில் முகவீணை கேட்பது அரிதாகிவருகிறது. பெட்டியும் டோலக்கும் ஒலிபெருக்கி வழியே முன்னால் நிற்கின்றன.