பூட்டும் வரிசையும்: லினக்ஸ் கெர்னல் பணிவரிசையில் காத்திருப்பு இடம்பெயர்ந்த வரலாறு (1996–2016)

ஆய்வுச் சுருக்கம்

பல செயலிகள் கொண்ட கணினியில் எல்லாச் செயலிகளும் ஒரே பணிவரிசையைப் பகிரும்போது, அவ்வரிசையின் பூட்டுக்குப் போட்டி எழுகிறது. லினக்ஸ் கெர்னலில் இப்போட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்தத் தீர்வும் காத்திருப்பை முற்றாக ஒழிக்கவில்லை. அதன் ஒரு பகுதியை வேறிடத்திற்கு மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம். திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் பணிப்பகிர்வு ஒப்பீடாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், கெர்னல், பணிவரிசை, பூட்டு, திருப்பூர், ஜாப் ஒர்க்

முன்னுரை

வன்பொருளுக்கும் பயன்பாட்டு நிரல்களுக்கும் இடையே நின்று கணினியை ஆள்வது கெர்னல். எந்தப் பணி எந்தச் செயலியில் அடுத்து இயங்க வேண்டும் என முடிவு செய்வது அதன் உறுப்பாகிய திட்டமிடி. இயங்கத் தயாரான பணிகள் நிற்கும் பட்டியலே பணிவரிசை. இரு செயலிகள் ஒரே நேரத்தில் அப்பட்டியலைத் திருத்தினால் அது சிதையும். ஆதலால் ஒன்று திருத்தி முடிக்கும்வரை மற்றதைத் தடுக்கப் பூட்டு தேவைப்படுகிறது.

திருப்பூர்த் தொழிற்கூடம் ஒன்றைக் கற்பனை செய்வோம். வெட்டிய துணிப் பண்டல்களை எல்லாத் தையலர்களும் ஒரே மேசையில், ஒரே பதிவேட்டில் குறித்துப் பெறுகின்றனர். தையலர் பத்துப் பேராயின் இடரில்லை. நூறு பேராயின் மேசைமுன் நிற்பதே அவர்களின் வேலையாகிவிடும்.

ஒரே பூட்டு, ஒரே வரிசை

1996இல் வெளியான லினக்ஸ் 2.0 பதிப்பு பல செயலிகளை ஆதரித்தது. அது கொண்ட வழி எளியது: கெர்னல் முழுமைக்கும் ஒரே பெரும் பூட்டு. பின்வந்த பதிப்புகளில் உறுப்புதோறும் தனிப் பூட்டுகள் தோன்றின. ஆயினும் 2001 ஜனவரியில் வந்த 2.4 பதிப்பிலும் பணிவரிசை ஒன்றாகவே இருந்தது. அதன் பூட்டும் ஒன்றே. அடுத்த பணியைத் தேர்வதற்காகத் திட்டமிடி பூட்டைப் பிடித்தபடியே பட்டியல் முழுவதையும் கடந்து, ஒவ்வொரு பணியின் தகுதியையும் கணக்கிட்டது. பணிகள் பெருகப் பெருகப் பூட்டைப் பிடித்திருக்கும் நேரம் நீண்டது. செயலிகள் பெருகப் பெருகப் பூட்டைக் கேட்போர் தொகை கூடியது. காத்திருந்த செயலியோ வேறு பணி எதுவும் செய்யாமல், பூட்டு திறந்ததா என்று சோதித்துக்கொண்டே சுழன்றது.

வரிசையைப் பிரித்தல்

2002 ஜனவரியில் ஹங்கேரிய நிரலாளர் இங்கோ மோல்னார் முன்வைத்த புதிய திட்டமிடி, செயலிக்கொரு வரிசை, வரிசைக்கொரு பூட்டு என அமைந்தது. பணிகள் 140 முன்னுரிமைப் படிகளில் அடுக்கப்பட்டன. ஆதலால் பணிகள் எத்தனையாயினும், அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும் நேரம் பெருகவில்லை. செயலி பெரும்பாலும் தன் வரிசையையே தொட்டதால் போட்டி வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ஒரு வரிசை நிரம்பியும் மற்றொன்று வெறுமையாகவும் கிடக்கக்கூடும் என்னும் புதிய இடர் தோன்றியது. அதைச் சரிசெய்யச் சுமைச் சமநிலைப்படுத்தல் வேண்டியதாயிற்று. பணியை ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றும்போது இரு பூட்டுகளும் தேவை. இரு செயலிகள் எதிரெதிர் முறையில் அவற்றைப் பிடித்தால் இரண்டும் முடங்கும். எனவே நினைவக முகவரி வரிசையில்தான் பிடிக்க வேண்டும் என்ற விதி வகுக்கப்பட்டது.

2007இல் இத்திட்டமிடியின் இடத்தைப் பிறிதொன்று பிடித்தபோதும், செயலிக்கொரு வரிசை என்ற அமைப்பு தொடர்ந்தது. சில வரிசைகளில் பணிகள் காத்திருக்கையில் வேறு செயலிகள் நெடுநேரம் வெறுமனே இருந்ததை 2016ஆம் ஆண்டு யூரோசிஸ் மாநாட்டில் லோசி முதலியோர் அளித்த ஆய்வு காட்டியது. பூட்டின்முன் செயலி காத்திருந்த நிலை மாறி, வரிசைக்குள் பணி காத்திருக்கும் நிலை வந்தது எனலாம்.

பூட்டின்றிப் படித்தல்: பெங்களூரின் பங்கு

அடிக்கடி படிக்கப்பட்டு அரிதாகத் திருத்தப்படும் தரவுகளுக்கு வேறொரு வழி உருவானது. திருத்துபவர் பழைய படியைத் தொடாமல் புதிய படியை ஆக்கி, சுட்டியை அதன்பக்கம் திருப்புவார்; படிப்பவர்க்குப் பூட்டே வேண்டியதில்லை. பால் மெக்கென்னியும் ஜாக் ஸ்லிங்வைனும் சீக்வென்ட் நிறுவனத்தில் 1990களில் வளர்த்த இம்முறை 'ஆர்சியு' எனப்படும். 1999இல் ஐபிஎம் அந்நிறுவனத்தை வாங்கியது. பெங்களூரில் ஐபிஎம் மென்பொருள் ஆய்வகத்தைச் சேர்ந்த தீபங்கர் சர்மா, மணீஷ் சோனி ஆகியோர் லினக்ஸில் இதை நிலைநிறுத்தப் பங்களித்தனர். சர்மாவின் ஆக்கம் 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் சேர்ந்தது.

இங்கும் காத்திருப்பு இடம்பெயர்ந்ததேயன்றி மறையவில்லை. பழைய படியைப் படித்துக்கொண்டிருப்போர் அனைவரும் விலகும்வரை அதன் நினைவகத்தை விடுவிக்க இயலாது. படிப்பவரின் காத்திருப்பை விடுவிப்பவர் ஏற்றார்.

பெரும் பூட்டின் மறைவு

1996இன் பெரும் பூட்டு, ஆர்ன்ட் பெர்க்மனின் முயற்சியால் 2011 மே மாதம் வெளியான 2.6.39 பதிப்பில் முற்றாக நீங்கியது. ஒரு பூட்டின் இடத்தை எண்ணற்ற சிறு பூட்டுகளும் அவற்றைப் பிடிக்கும் முறைமைகளும் நிரப்பின. அம்முறைமைகள் மீறப்படுவதைக் கண்டறியும் 'லாக்டெப்' கருவி 2006இலேயே கெர்னலில் சேர்க்க வேண்டியதாயிற்று. இம்முறை சுமை நிரலாளர்மீது விழுந்தது.

திருப்பூர் தரும் வினா

பின்னல், சாயம், பிரிண்டிங், தையல் எனச் சிறு அலகுகளாகப் பிரிந்து ஜாப் ஒர்க் வழியே இணைவது திருப்பூர்த் தொழிலின் இயல்பு. ஷரத் சாரியின் 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' (2004) இவ்வலைப்பின்னல் உருவான வரலாற்றை ஆராய்கிறது. இங்கும் ஒரே மேசைமுன் நெரிசல் இல்லை. ஆனால் சாயப்பட்டறையிலிருந்து துணி வரத் தாமதமானால் பவர் டேபிள் தையலர் காத்திருக்கிறார். பீஸ் ரேட்டில் உழைப்பவர்க்கு அந்த நேரத்திற்குக் கூலியில்லை. ஒப்பீட்டின் எல்லையும் இங்குத்தான் உள்ளது. வெறுமனே நிற்கும் செயலிக்கு இழப்பில்லை, தையலர்க்கு உண்டு.

முடிவுரை

பணிவரிசையின் வரலாறு பெரும்பாலும் வேகம் வளர்ந்த கதையாக எழுதப்படுகிறது. அவ்வேகம் உண்மையானதே. எனினும், போட்டி குறைந்தது என்று பதிவு செய்யும் ஆய்வாளர், அக்காத்திருப்பை இப்போது ஏற்பவர் யார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். கெர்னலில் அது பணியாகவோ நினைவகமாகவோ நிரலாளராகவோ இருக்கலாம். தொழில் வரலாற்றில் அது பெரும்பாலும் பேரேட்டில் இடம்பெறாத ஒரு தொழிலாளியாக இருக்கும்.