மிக்கி மவுஸுக்குப் பக்கத்தில் நிற்பவர்



போன மாதம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் மூன்று மணி நேரம் மிக்கி மவுஸுக்குப் பக்கத்தில் நின்றேன். வேடிக்கை பார்க்க இல்லை, வேலைக்கு. மண்டப வாசலில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்துக் கைகுலுக்கும் மிக்கி வேஷத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அன்றைக்கு அந்த வேஷத்துக்குள் இருந்தது என் கிளாஸ்மேட். சாக்லேட் தட்டோடு பக்கத்தில் நின்றது அடியேன் :-)

தட்டு பிடிப்பதுதான் வேலை என்று நினைத்துப் போனேன். பத்து நிமிடத்தில் அது இல்லை என்று புரிந்துவிட்டது. உள்ளே இருப்பவனுக்குத் தன் கால் தெரியவில்லை. "இன்னும் ஒரு படி இருக்குடா" என்று நான்தான் முணுமுணுக்க வேண்டியிருந்தது. ஒரு வாண்டு ஓடி வந்து வயிற்றில் ஓங்கி ஒரு குத்து விட்டான். மிக்கி பேசக் கூடாதே! "தம்பி, மிக்கிக்கு வலிக்குதாம்பா" என்று நான்தான் பேசினேன். முக்கால் மணி நேரம் கழித்து என் தோளை அவன் இறுக்கிப் பிடித்தான். "மிக்கிக்குப் பசிக்குது, சாப்பிட்டு வந்துடுவார்" என்று சொல்லி மாடிப்படிக்குக் கீழே கூட்டிப் போய்த் தலையைக் கழற்றினால், மழையில் நனைந்தவன் மாதிரி இருந்தான்.

திரும்பி வந்ததும் வீடியோ எடுப்பவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, நீங்க கொஞ்சம் ஃப்ரேமை விட்டுத் தள்ளி நில்லுங்க."

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. இந்த வேலை எங்கே, எப்படி ஆரம்பித்தது? தேடிப் படித்தபோது, நான் எதிர்பார்த்ததைவிடப் பெரிய வரலாறு கிடைத்தது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்தருள்க!

கடன் வாங்கிய தலைகள்

மிக்கி மவுஸ் திரையில் புகழ்பெற்றது 1928-ல் வந்த 'ஸ்டீம்போட் வில்லி' என்ற குறும்படத்தில். அந்த எலி மனித உயரத்தில் எழுந்து நடக்கவும் அதிக காலம் ஆகவில்லை. 1937 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் 'ஸ்நோ ஒயிட்' படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அப்போதே மிக்கி, டொனால்ட் வேஷம் போட்டவர்கள் வாசலில் நின்று கூட்டத்தை வரவேற்றார்கள். ஆனால் அது ஒரு நாள் கூத்து.

தினசரி வேலையாக அது மாறியது டிஸ்னிலேண்டில். கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலை 17 அன்று அந்தப் பூங்கா திறக்கப்பட்டது. இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், அவ்வளவு செலவு செய்து பூங்கா கட்டியவர்களிடம் சொந்தமாக மிக்கி உடை இல்லை! 'ஐஸ் கேப்பேட்ஸ்' என்ற பனிச்சறுக்கு நிகழ்ச்சிக் குழுவிடமிருந்து உடைகளைக் கடன் வாங்கித்தான் திறப்பு விழாவை நடத்தினார்கள். அன்றைய படங்களைத் தேடிப் பாருங்கள், மிக்கியின் முகம் கொஞ்சம் பயமுறுத்தும். காரணம் எளிது. பனி அரங்கில் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்காகச் செய்த தலை அது. ஒரு குழந்தை கிட்டே வந்து கட்டிப்பிடிக்கும் என்று யாரும் யோசித்துச் செய்யவில்லை.

1960-களில்தான் டிஸ்னியின் ஓவியர் பில் ஜஸ்டிஸ் போன்றவர்கள் பூங்காவுக்கென்றே உடைகளை வடிவமைக்கத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் பல ஆண்டுகள் மிக்கியாக இருந்தவர் பால் கேசில். அவரும் பனிச்சறுக்குக் கலைஞர்தான். உயரம் சுமார் நாலரை அடி. உள்ளே இருப்பவர் குள்ளமாக இருந்ததால்தான் மிக்கி குழந்தைகளுக்குத் தோழனாகத் தெரிந்தது. கம்பெனியின் பெரிய சொத்து, ஒரு மனிதரின் உடல் அளவை நம்பி இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நடிகர்கள், ஆனால்...

நம் மார்க்கெட்டிங் பாடத்தில் டிஸ்னி உதாரணம் வராத வருடம் உண்டா? அங்கே வருகிறவர் 'கஸ்டமர்' இல்லை, 'கெஸ்ட்', அதாவது விருந்தாளி. வேலை செய்கிறவர் 'எம்ப்ளாயி' இல்லை, 'காஸ்ட் மெம்பர்', அதாவது நாடகக் குழுவில் ஒருவர். சீருடை என்று சொல்ல மாட்டார்கள், வேஷ உடை என்பார்கள். மக்கள் நடமாடும் இடம் 'மேடை', ஊழியர் மட்டும் போகும் இடம் 'மேடைக்குப் பின்'. குப்பை கூட்டுகிறவரும் இந்தக் கணக்கில் நடிகர்தான். 1955-ல் பூங்காவின் பயிற்சித் திட்டத்தை உருவாக்கிய வான் ஆர்ஸ்டேல் ஃப்ரான்ஸ் காலத்திலேயே இந்தப் பேச்சுமுறை வேரூன்றிவிட்டது.

பரீட்சையில் இதை எழுதினால் பத்து மார்க் நிச்சயம். ஆனால் ஒரு கேள்வியை நம் புத்தகம் கேட்பதில்லை. நடிகர் என்று கூப்பிட்டால் போதுமா? நடிகருக்குக் கிடைக்கும் பெயரும் உரிமையும் கிடைத்ததா? பெயர் கிடைக்க வழியே இல்லை. உள்ளே இருப்பவர் "நான்தான் மிக்கி" என்று வெளியே சொல்லக் கூடாது. "நான் மிக்கியின் நண்பர்" என்று சொல்வதுதான் அங்கே வழக்கம். பல வருடம் அந்த வேஷம் போட்டவருக்கும் அதே பதில்தான்.

பக்கத்தில் ஓர் ஆள்

ஆரம்ப காலத்தில் கதாபாத்திரங்கள் கூட்டத்துக்குள் சும்மா சுற்றித் திரிந்தன. கூட்டம் சூழ்ந்துகொள்ளும், வால் இழுபடும், அடி விழும். உள்ளே இருப்பவருக்கோ பார்வை குறைவு. வாயில் இருக்கும் வலை, கண்ணில் இருக்கும் சல்லடைத் துணி, இதன் வழியாகத் தெரிவதுதான் உலகம். பக்கவாட்டில் என்ன வருகிறது என்று தெரியாது. வாய் திறக்கவும் முடியாது.

இப்படித்தான் பக்கத்தில் ஓர் ஆள் தேவைப்பட்டார். ஃப்ளோரிடாவில் 1971 அக்டோபர் 1-ல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டில் இவர்களுக்கு 'கேரக்டர் அட்டெண்டன்ட்' என்று பெயர். கலிஃபோர்னியாவில் 'கேரக்டர் ஹோஸ்ட்'. வரிசையை ஒழுங்குபடுத்துவது, கதாபாத்திரத்தின் சார்பில் பேசுவது, நேரம் பார்ப்பது, வெயில் தாங்காமல் போவதற்கு முன் உள்ளே அழைத்துப் போவது, இதெல்லாம் இவர்கள் வேலை. வரிசையில் கடைசியாக நிற்கும் குழந்தையிடம் "மிக்கி இப்போது போக வேண்டும்" என்று சொல்லி அழ வைக்கும் பாவமும் இவர்களுடையதுதான்!

ஒரே ஆள் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். குழந்தைக்கு அது மிக்கி. தனக்கு அது வியர்த்துக்கொண்டிருக்கும் சக ஊழியர். இந்த இரண்டில் எதை மறந்தாலும் வேலை கெட்டுவிடும்.

அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1983-ல் 'உணர்வு உழைப்பு' என்ற கருத்தைத் தன் புத்தகத்தில் விளக்கினார். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதியது அது. பயணியிடம் காட்டும் புன்னகையும் ஓர் உழைப்பு, அதற்கும் களைப்பு உண்டு என்பது அவர் வாதம். மிக்கிக்குள் இருப்பவருக்குப் புன்னகை தலையிலேயே தைத்து வருகிறது. பக்கத்தில் நிற்பவர்தான் சொந்த முகத்தால் சிரிக்க வேண்டும். அந்த மண்டப வாசலில் மூன்று மணி நேரம் சிரித்ததில் எனக்குத் தாடை வலித்தது நிஜம்.

ஒரு ஜட்டிக்காக ஒரு ஒப்பந்தம்

சிரிக்காதீர்கள், இது நடந்த கதை.

வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வேஷம் போடுகிறவர்களுக்குச் சங்கம் உண்டு. எந்தச் சங்கம் தெரியுமா? டீம்ஸ்டர்ஸ். ஒரு காலத்தில் குதிரை வண்டிக்காரர்களும் பிறகு லாரி டிரைவர்களும் சேர்ந்து வளர்த்த சங்கம். மிக்கியும் லாரி டிரைவரும் ஒரே சங்கம்!

வேஷத்துக்கு உள்ளே போடும் உள்ளாடையையும் கம்பெனிதான் கொடுத்து வந்தது. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனி துவைத்து வைக்கும். மறுநாள் கிடைப்பது நேற்று வேறு யாரோ போட்டது. சரியாகத் துவைப்பதில்லை, பேன் வருகிறது, சொறி வருகிறது என்று ஊழியர்கள் புகார் சொன்னார்கள். 2001-ல் சங்கம் பேச்சுவார்த்தை நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனி உள்ளாடை, அதை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக்கொள்ளலாம் என்று வாங்கிக் கொடுத்தது. பூங்கா திறந்து 30 ஆண்டுகள் கழித்து!

அன்றைய பத்திரிகைகள் இதை நகைச்சுவைச் செய்தியாகத்தான் போட்டன. எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. நண்பன் கழற்றிக் கொடுத்த அந்த ஈரத் தலை ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதே தலையை அடுத்த நாள் வேறொரு மண்டபத்தில் வேறொரு பையன் மாட்டியிருப்பான்.

773

2004 பிப்ரவரியில் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் ப்ளூட்டோ வேஷத்தில் இருந்த ஒரு நடிகர், ஊர்வலத்துக்குத் தயாராகும் இடத்தில் ஊர்வல வண்டி ஏறி இறந்துபோனார். அவருக்கு வயது 38. பெரிய தலை, குறைந்த பார்வை, பக்கத்தில் நகரும் வாகனம் என்பதெல்லாம் எவ்வளவு ஆபத்தான சேர்க்கை என்று அன்றுதான் வெளியுலகம் யோசித்தது.

அதற்கு அடுத்த ஆண்டின் கணக்கைப் பாருங்கள். 2005-ல் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் வேஷம் போட்டவர்களுக்கு ஏற்பட்டதாகப் பதிவான காயங்கள் 773. இதில் 282 உடை சம்பந்தப்பட்டவை, அதாவது எடை, கழுத்து, தோள்பட்டை. இன்னொரு 107 காயங்கள் 'விருந்தாளிகள்' தந்தவை. அடித்தது, தள்ளியது, மேலே பாய்ந்தது. ஏழில் ஒரு காயம் அன்பால் வந்தது என்று சொல்லலாமா? பக்கத்தில் நிற்பவர் எதற்கு என்ற கேள்விக்கு இந்த 107 என்ற எண்ணே பதில்.

69 ஆண்டுகள் கழித்து

ஃப்ளோரிடாவில் சங்கம் இருந்தது. ஆனால் எல்லாம் தொடங்கிய கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில், மற்ற ஊழியர்களில் பெரும்பாலோருக்குச் சங்கம் இருந்தும், கதாபாத்திரப் பிரிவுக்கும் ஊர்வலப் பிரிவுக்கும் மட்டும் இல்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் பூங்கா மூடப்பட்டது. 2021 ஏப்ரல் 30-ல் திறந்தபோது மிக்கி தூரத்தில் நின்று கையசைத்தது. கட்டிப்பிடிப்பது 2022 வசந்த காலத்தில்தான் திரும்பியது. ஒரு நாளில் எத்தனை பேரைக் கட்டிப்பிடிக்கிறோம், உடை எவ்வளவு சுத்தம், உடம்புக்கு வந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளும் கூடவே வந்தன. சம்பளம், வேலை நேரம் ஆகியவை பழைய குறைகள்.

2024 மே மாதம் வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 1,700 பேர் கொண்ட பிரிவு. சங்கம் வேண்டும் என்று 953 பேர், வேண்டாம் என்று 258 பேர். அவர்கள் சேர்ந்தது 'ஆக்டர்ஸ் ஈக்விட்டி' சங்கத்தில். 1913-ல் தொடங்கிய மேடை நடிகர்களின் சங்கம் அது.

1955-லிருந்து கம்பெனி அவர்களை நடிகர்கள் என்றுதான் அழைத்தது. 69 ஆண்டுகள் கழித்து அவர்கள் அந்த வார்த்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, "சரி, அப்படியானால் நடிகர் சங்கத்திலேயே சேருகிறோம்" என்றார்கள். எனக்கு இன்னும் பிடித்த விஷயம், அந்தப் பிரிவில் வேஷம் போடுகிறவர்கள் மட்டும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஹோஸ்ட்களும் அதில் அடக்கம்.

கடைசியாக ஒரு கணக்கு

அதே 2024 ஜனவரி 1 அன்று 'ஸ்டீம்போட் வில்லி' படத்தின் அமெரிக்கக் காப்புரிமை 95 ஆண்டுகள் முடிந்து காலாவதியானது. பி.காம். மாணவனாக இதை யோசித்துப் பார்த்தேன். மிக்கி ஒரு கண்ணுக்குத் தெரியாத சொத்து என்று படிக்கிறோம்.  உள்ளே வியர்க்கிறவரும் பக்கத்தில் நிற்பவரும் லாப நஷ்டக் கணக்கில் சம்பளச் செலவு, குறைக்க வேண்டிய ஒரு தொகை. ஆனால் குழந்தை கட்டிப்பிடிப்பது காப்புரிமையை இல்லை. அந்த நிமிடத்தில் சொத்தைச் சொத்தாக வைத்திருப்பது அந்த இரண்டு செலவுகள்தான்.

நம் ஊர் மண்டப மிக்கிக்குச் சங்கம் எல்லாம் வருமா, தெரியாது. அடுத்த முறை ஒரு ரிசப்ஷனில் பார்த்தால் இரண்டு விஷயம் செய்யுங்கள். பக்கத்தில் நிற்கும் பையனிடம் "உள்ள இருக்கிறவர் தண்ணி குடிச்சாரா?" என்று கேளுங்கள். வயிற்றில் குத்தப் போகும் வாண்டு உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் அந்தக் கல்யாண வீடியோவிலிருந்து எங்கள் காட்சியை நண்பன் அனுப்பினான். மிக்கி அட்டகாசமாக ஆடுகிறது. ஓரத்தில் ஒரு கையும் சாக்லேட் தட்டும் மட்டும் தெரிகிறது. அந்தக் கை என்னுடையது :-)

உங்களில் யாராவது வேஷத்துக்கு உள்ளேயோ பக்கத்திலோ நின்றிருந்தால் அனுபவத்தை எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்!