கடைசி வரிசைக்காக ஏழு தந்தி

ஏழு தந்தி பூட்டிய வயலின் ஒன்றை ஒரே ஒரு முறைதான் கையில் வாங்கியிருக்கிறேன். தலைப்பகுதியில் ஏழு பிருடைகள். பக்கவாத்தியம் வாசித்தே தலை நரைத்தவன் நான். அதற்கு ஸ்ருதி சேர்க்க அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு ஜோடியைச் சேர்த்துவிட்டு அடுத்ததைத் தொட்டால் முதல் ஜோடி இறங்கியிருக்கும். தோடி காந்தாரத்தை அசைத்துப் பார்த்தேன். ஒரே விரல் இரண்டு தந்திகளைச் சேர்த்து அழுத்த வேண்டும்; ஒன்றில் பிடி தளர்ந்தாலும் நாதம் கரகரத்துவிடும். கால் மணி வாசித்துவிட்டு விரலைப் பார்த்தேன். நுனியில் இரண்டு கோடுகள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

இப்படி ஒரு கருவியில்தான் மைசூர் சௌடையா ஊர் ஊராகப் போய் வாசித்தார்.

பிறந்தது 1895இல், காவிரியும் கபினியும் கூடும் திருமகூடலு நரசிபுரத்தில். பின்னாளில் கிருதிகள் இயற்றியபோது ஊரை மறக்காமல் ‘திரிமகுட’ என்றே முத்திரை வைத்தார். மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் 1910 முதல் குருகுலம். கிருஷ்ணப்பா பாடகர். சௌடையாவின் வில்லில் பாட்டு கேட்டதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாடத் தெரிந்த குருவிடம் வயலின் கற்றவன், விரலுக்கு முன்னால் தொண்டையில்தான் ஸ்வரத்தைத் தேடுவான்.

அந்தக் காலக் கச்சேரியை இன்றைய பிள்ளைகள் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது. கல்யாணப் பந்தலிலும் கோயில் உற்சவத்திலும் நூற்றுக்கணக்கில் ஜனம். வித்வான்கள் ஸ்ருதியை ஏற்றிவைத்துக்கொண்டு கூட்டத்தின் கோடி வரை கேட்கும்படி பாடினார்கள். நாகஸ்வரத்துக்குக் கவலையில்லை. பாட்டுக்குப் பின்னால் நிழல்போல வரவேண்டிய வயலின்தான் பாதிப் பந்தலைத் தாண்டாமல் நின்றுபோகும். வயலின் நம்மிடம் வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலுஸ்வாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கிவிட்டார்கள். ஆனால் அதன் குரல் அளவு அப்படியேதான் இருந்தது.

சௌடையா அப்போதே பெயர் வாங்கிவிட்ட வித்வான். அவர் வயலின் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால், சபையில் சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கருவியைத் திருத்தினார். நான்கு தந்திகளில் மூன்றுக்கு ஜோடி சேர்த்து ஏழாக்கினார். இது 1927 வாக்கில். ஜோடித் தந்திகள் சேர்ந்து ஒலித்ததும் நாதம் கனத்தது. அதற்கு மேல் அவருடைய வில்: குதிரைக்குப் பக்கத்தில், அடி முதல் நுனி வரை முழுதாக இழுக்கிற நீண்ட வில்.

என் குரு கும்பகோணத்துப் பக்கத்துக்காரர். சிறுவயதில் ஒரு கச்சேரியில் கூட்டத்துக்கு வெளியே வேலியோரம் நின்று சௌடையாவைக் கேட்டாராம். “என்னடா, ஸ்பஷ்டமா ஒவ்வொரு பிடியும் வந்து விழுந்துதுடா!” என்று அறுபது வயதிலும் அதே வியப்போடு சொல்வார்.

செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்கு இந்த வயலின் சரியான துணை. கூடவே பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கம். இந்த மூவர் கூட்டணிக்கு இருந்த மவுசு சாதாரணமானதல்ல.

ஏழு தந்தியில் நளினம் குறைகிறது, நுணுக்கமான கமகம் மங்குகிறது என்று குறை சொன்னவர்களும் உண்டு. அதே காலத்து வயலின் வித்வான்களான துவாரம் வெங்கடசாமி நாயுடுவின் மென்மையையும் கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையின் நிதானத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கருவியைத் தொட்டுப் பார்த்ததால் சொல்கிறேன். ஆனாலும் என் மனம் சௌடையா பக்கம்தான். வேலியோரம் நிற்கும் பையனும் கச்சேரிக்கு வந்தவன்தான் என்று எண்ணிய மனசு அது. சங்கீத கலாநிதி விருது இந்த வயலின்காரர்கள் மூவருக்கும் கிடைத்தது: துவாரத்துக்கு 1941இல், பிள்ளைக்கு 1948இல், சௌடையாவுக்கு 1957இல்.

1967 ஜனவரியில் சௌடையா காலமானார். பெங்களூரில் அவர் பெயரால் 1980இல் எழுந்த மண்டபம் வயலின் வடிவத்திலேயே இருக்கிறது. அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் எத்தனை பேருக்கு ஏழு தந்தியின் காரணம் தெரியும்?

மைக் வந்தது, ஏழு தந்தி போனது. அதில் எனக்கு வருத்தமில்லை. கூடவே முழு வில்லும் போய்க்கொண்டிருப்பதுதான் வருத்தம். என்னிடம் கற்கிற பிள்ளைகள் வில்லின் நடுவில் ஒரு சாண் இடத்திலேயே வாசித்து முடிக்கிறார்கள். மிச்சத்தை மைக் பார்த்துக்கொள்கிறது.

சபாக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த மார்கழியில் ஒரே ஒரு கச்சேரி, சின்ன மண்டபமாக இருந்தாலும் போதும், மைக் இல்லாமல் வையுங்கள். கடைசி வரிசையில் நான் வந்து உட்காருகிறேன்.