பொறி பிறக்கும் இடம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் பழைய டிராக்டர்கள்

பெட்ரோல் டிராக்டரின் உயிர் ஒரு சிறு தீப்பொறியில் இருக்கிறது. சிலிண்டருக்குள் இறுகி நிற்கும் எரிபொருள் கலவையில் அந்தப் பொறி விழ வேண்டிய நேரத்தில் விழுந்தால் வண்டி நகரும். சற்றுப் பிந்தினாலும் இழுவை குறையும். விழாவிட்டால் டன் கணக்கான இரும்பு அசையாமல் நிற்கும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பொறியைக் காத்த கைத்தொழிலின் வரலாறு டிராக்டருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1894இல் ரவாங்கில் லோக் யூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும் தங்கள் ஈயச் சுரங்கத்தில் நீர் இறைக்க மின்சாரத்தைக் கொண்டுவந்தார்கள். மலாயாவில் மின்சாரம் தொழிலுக்குப் பயன்பட்ட முதல் இடமாக ரவாங் சொல்லப்படுகிறது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரை வரை 1886இலேயே ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. அந்த ரயிலை நம்பி பிரிக்பீல்ட்ஸில் ஊழியர் குடியிருப்புகளும், செந்தூலில் பெரிய பட்டறையும் எழுந்தன. தண்டவாளம் போட்டவர்கள், கொதிகலன் பார்த்தவர்கள், பட்டறையில் கைவேலை கற்றவர்கள் என்று தமிழர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் பழக்கம் இந்தப் பகுதித் தமிழரிடம் வேரூன்ற ரயில் பட்டறையும் உதவியது.

தோட்டத்தில் நிலைமை வேறு. ரப்பர் பாலையும் உரத்தையும் விறகையும் மாட்டுவண்டியும் குறுகிய தண்டவாள வண்டியும் சுமந்தன. இயந்திரம் வெள்ளைக்காரத் துரையின் உடைமை; தொழிலாளி அதைத் தூரத்திலிருந்து பார்த்தான். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலானோர் முன்நின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. துரையின் முன்னால் சைக்கிள் ஓட்டும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட மண்ணில், பின்னர் ஒரு தலைமுறைக்குள் தோட்டத்துப் பையன் டிராக்டர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தது சாதாரண மாற்றம் அல்ல.

முதல் கால டிராக்டர்கள் பலவற்றில் பேட்டரி கிடையாது. மேக்னெட்டோ என்ற கருவியே பொறியைத் தந்தது. குதிரைலாட வடிவக் காந்தத்தின் நடுவே செப்புக்கம்பி சுற்றிய உருளை சுழலும். அதில் எழும் மின்னோட்டத்தை பாயிண்ட் எனப்படும் தொடுமுனை சட்டென்று அறுக்கும். அறுபடும் கணத்தில் உருளையின் இரண்டாம் கம்பிச்சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாயும். 1902இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்ட் உருவாக்கிய உயர் அழுத்த மேக்னெட்டோ இந்த முறையை உலகெங்கும் கொண்டுசென்றது. ஃபோர்டு 1917இல் கொண்டுவந்த ஃபோர்ட்சன் டிராக்டர் வேறு வழி பிடித்தது. அதில் சுழல் சக்கரத்தின் மேலேயே காந்தங்களைப் பதித்து, அதிரும் காயில்களால் பொறி எழுப்பினார்கள். 1929இல் வந்த அடுத்த வகையில் அதுவும் உயர் அழுத்த மேக்னெட்டோவுக்கு மாறியது. சைம் டார்பி நிறுவனம் மலாயாவில் கேட்டர்பில்லர் விற்பனை உரிமையைப் பெற்றதும் அதே 1929இல்தான். அன்றைய கேட்டர்பில்லர்களும் பெட்ரோலில், மேக்னெட்டோவில் ஓடியவை.

கிள்ளானில் ஈரம் மேக்னெட்டோவுக்கு எமன். ஆண்டு முழுதும் மழை, விடியலில் பனிபோல் படியும் ஈரக்காற்று. அக்காலக் கம்பிச் சுற்றுகளுக்குப் பருத்தி, பட்டு, அரக்குதான் காப்பு. அவை ஈரத்தை உறிஞ்சியதும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் உடலுக்குள்ளேயே கசிந்துவிடும். மாலையில் நன்றாக ஓடிய வண்டி காலையில் மரம்போல் நிற்கும். வெயில் ஏறியபின் தானாகவே உயிர் பெறும். இந்த நோய்க்கு முதல் மருந்து உலர்த்துவது: மேக்னெட்டோவைக் கழற்றி மிதமான சூட்டில் ஈரம் போகும்வரை வைப்பது. கழற்றும்போது செய்யக்கூடாத பிழை ஒன்று உண்டு. பழைய எஃகுக் காந்தத்தின் இரு முனைகளையும் ஓர் இரும்புத் துண்டால் இணைக்காமல் நடு உருளையை உருவினால் காந்தம் வலு இழந்துவிடும். பிறகு அதை மீண்டும் காந்தமேற்றத்தான் வேண்டும்.

நல்ல மேக்னெட்டோவைக் காதாலேயே அறியலாம். கைப்பிடியைச் சுழற்றும் வேகத்தில் போதிய மின்சாரம் எழாது என்பதால் இம்பல்ஸ் கப்ளிங் என்ற சுருள்வில் அமைப்பு உள்ளே இருக்கும். அது தண்டைப் பிடித்து வைத்து, திடீரென்று விடுவிக்கும். ‘டக்’ என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கவில்லையென்றால் வில் உடைந்திருக்கும், இல்லையெனில் பழைய எண்ணெயில் ஒட்டிக்கிடக்கும். பொறி முந்தி விழுந்தால் கைப்பிடி பின்னோக்கி உதைத்து மணிக்கட்டையே முறித்துவிடும். கட்டைவிரலைக் கைப்பிடிக்கு எதிர்ப்பக்கம் சுற்றாமல் மற்ற விரல்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்ற விதி அதனால் வந்தது.

இங்கே இன்னொரு சுற்றும் உண்டு. வயர்களின் காப்பு ரப்பர். மேக்னெட்டோவின் கருப்புப் பாகங்கள் பல, கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பரான எபனைட். கிள்ளான் தோட்டங்களில் விடியற்காலையில் தமிழர்கள் சீவிய பால், கடல் கடந்து போய், இயந்திர உறுப்பாகத் திரும்பி வந்த காலம் அது.

ஜப்பானியர் ஆட்சியில் உதிரிப்பாக வரவு நின்றது, பெட்ரோலும் நின்றது. கரிவாயுவில் வண்டிகள் ஓடின. அந்த வாயு மெதுவாக எரிவது. அதனால் பொறியை வழக்கத்தைவிட முன்னதாகவே விழவைக்க வேண்டியிருந்தது. 1945 தொடக்கத்தில் நேச நாடுகளின் விமானங்கள் செந்தூல் ரயில் பட்டறையைக் குண்டு வீசித் தகர்த்தன.

போருக்குப் பின் டிராக்டர் காலம் உண்மையாகத் தொடங்கியது. இந்திய அரசு 1938இலேயே தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்திருந்ததால், ஆள் குறைந்த இடத்தை இயந்திரம் நிரப்ப வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் உருவான சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20 அந்தத் தலைமுறையின் வண்டி. அதில் மேக்னெட்டோவின் இடத்தைப் பேட்டரியும் காயிலும் டிஸ்ட்ரிபியூட்டரும் பிடித்தன. ஸ்டார்ட்டரை கியர் கம்பியாலேயே இயக்க வேண்டும் என்பதால் கியரில் கிடக்கும் வண்டி தவறிப் பாய வழியில்லை.

இந்த ஃபெர்குசனைப் பழுது பார்ப்பவர் முதலில் அறியவேண்டியது, பேட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு இணைந்தது என்பதை. இன்றைய வழக்கம் இதற்கு நேர் எதிர். பழக்கத்தில் மாற்றிப் பூட்டினால் டைனமோவும் ரெகுலேட்டரும் கெடக்கூடும். காயிலின் பொறியும் வலு குறையும். அடுத்தது பாயிண்ட். சரியான இடைவெளி, சுத்தமான தொடுமுகம், அவ்வளவுதான். பாயிண்ட் அடிக்கடி கருகினால் குற்றம் பெரும்பாலும் பாயிண்டில் இல்லை, பக்கத்திலுள்ள கண்டென்சரில். காகிதமும் மெல்லிய உலோகத் தாளும் சுற்றிய பழைய கண்டென்சர் கிள்ளான் காற்றில் நீண்ட நாள் தாங்காது. சார்ஜ் ஏறவில்லையென்றால் டைனமோவின் கார்பன் பிரஷ் தேய்ந்ததா, செம்பு வட்டத்தின் வரிகளுக்கிடையில் கரி அடைத்ததா என்று பார்த்தபின்தான் ரெகுலேட்டரைத் தொட வேண்டும்.

மின்பழுது என்று நினைப்பது பல நேரம் எரிபொருள் பழுதாக இருக்கும். மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடும் ஃபெர்குசனை பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடேறிய பிறகே மாற்ற வேண்டும். அவசரப்பட்டால் பிளக்கில் கரி படியும். பொறி செத்ததுபோல் தோன்றும்.

பிறகு டீசல் வந்தது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரியும் டீசலுக்குப் பொறி தேவையில்லை. ஆனால் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் பெரிய எஞ்சினைக் கிளப்புவதற்கென்றே ஒரு சிறு பெட்ரோல் எஞ்சின் இருந்தது. அதில் மேக்னெட்டோ வெகுகாலம் உயிரோடு இருந்தது. தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது மாஸி ஃபெர்குசன் டீசல்கள் பழக்குலைகளை இழுத்தன. 1970களில் டைனமோவும் ஆல்டர்னேட்டருக்கு வழிவிட்டது.

அந்தத் தோட்டங்களில் பல இன்று இல்லை. எஃபிங்ஹாம் தோட்டம் 1950களில் பெட்டாலிங் ஜெயா ஆயிற்று. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் ஆயிற்று. சீஃபீல்டு தோட்டம் 1976 முதல் சுபாங் ஜெயா ஆகி வளர்ந்தது. தொழிலாளர் குடியிருந்த லயங்களோடு தோட்டப் பட்டறைகளும் போயின.

இன்று பழைய டிராக்டரை மீட்பவர்கள் பாயிண்டையும் கண்டென்சரையும் எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்துவதுண்டு. ஈரமான ஊரில் அது தவறல்ல. வண்டி தொல்லையில்லாமல் ஓடும். ஆனால் கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு, எண்ணெய் தடவி, அந்த வண்டியோடேயே வைக்க வேண்டும்.