கரையிறங்கும் முன் ஒரு கேள்வி

1959ஆம் ஆண்டு மலாயாக் கூட்டரசின் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து 5 ஆண்டுகள் கணவனைப் பிரிந்து ஊரில் இருந்த மனைவி இனி உள்ளே வர முடியாது. 6 வயது கடந்த பிள்ளைகளுக்கும் கதவு அடைபட்டது. தஞ்சாவூர், திருச்சி, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து பிழைக்கப் போய், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை விடுப்பில் வந்து, பிள்ளை பிறக்கும் முன்பே மறுபடி கப்பலேறிய ஆண்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய வாழ்க்கையை அளந்து வெட்டியதுபோல் இருந்தது அந்தச் சட்டம்.

என் தாத்தா கோலாலம்பூர் செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். ஊர் மன்னார்குடிப் பக்கம். அப்பாயியைக் கல்யாணம் செய்தது 1951இல். மறு வருடம் அத்தை பிறந்தார். 1954 கடைசியில் விடுப்பில் வந்தவர், 55 தொடக்கத்தில் திரும்பிப் போனார். அந்த வருடம் ஐப்பசியில் என் அப்பா பிறந்தார். அதன்பின் கடிதமும் மணியார்டரும்தான். சட்டம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் தாத்தா எழுதிய கடிதம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. நலம் விசாரிப்பெல்லாம் சுருக்கமாக முடிந்துவிடும். "அடுத்த வருஷம் என்றால் நீ வர முடியாது. பையனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. பாப்பாவை அப்புறம் அழைத்துக்கொள்வோம்." பாப்பா என்பது ஏழு வயது அத்தை.

இப்படிப் பிரிந்து வாழ்வது இவர்கள் தலைமுறையில் தொடங்கியதல்ல. ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் திரட்டிய காலத்திலிருந்தே தோட்டத்துக்கு வேண்டியிருந்தது பால்மரம் வெட்டும் கை. குடும்பம் என்றால் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று செலவு. 1922 இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தின் விதிகள், ஆண்களோடு குறிப்பிட்ட விகிதத்தில் பெண்களும் போகவேண்டும் என்றன. மலாயாவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. 1938இல் இந்திய அரசு, உதவித்தொகையில் கூலியாட்களை அனுப்புவதை நிறுத்தியது. தோட்டத்தில் கூலியைக் குறைத்ததற்கு எதிரான அந்த நடவடிக்கை நியாயமானதுதான். அதற்குப் பிறகு மலாயாவுக்குப் போனவர்கள் சொந்தச் செலவில் போனார்கள். தனியாளாய்ப் போவதே மலிவு.

போர் வந்தபோது கடிதமும் நின்றது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த 1942இலிருந்து 1945 வரை, கணவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தாலியோடு இருந்த பெண்களை அப்பாயி சிறுபிள்ளையாகப் பார்த்திருக்கிறார். சயாம் ரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டுச் செத்துப்போன தமிழர்களின் மனைவிகளில் பலருக்குச் சாவுச் செய்தியே வரவில்லை. யாரோ திரும்பி வந்து சொன்னால் உண்டு.

அப்பாயி போன கப்பல் ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்காக 1926இல் கிளாஸ்கோவில் கட்டியது. டெக் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்ல அதற்கு ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. அதன் ஜோடிக் கப்பல் ரோனா, 1943இல் மத்தியதரைக் கடலில் ஜெர்மானியர் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களோடு மூழ்கியது. ரஜூலா போரில் படைகளைச் சுமந்துவிட்டு உயிரோடு திரும்பி, மறுபடியும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று பழைய தடத்தில் ஓடியது. 1973இல் இந்தியக் கப்பல் கழகத்துக்குக் கைமாறி ரங்கத் என்று பெயர் மாறும்வரை 47 வருடம். தமிழ்நாட்டையும் மலாயாவையும் பற்றி எழுதுகிறவர்கள் சோழர் படையெடுப்பை எழுதும் அளவுக்கு இந்தக் கப்பலை எழுதியதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. எத்தனை குடும்பங்கள் இதில் பிரிந்தன, எத்தனை குடும்பங்கள் இதில் சேர்ந்தன!

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அம்மை குத்திய சீட்டு, காலரா ஊசிச் சீட்டு, பாஸ்போர்ட்டு எல்லாவற்றையும் மஞ்சள் துணியில் முடிந்து மடியில் செருகிக்கொண்டு, இடுப்பில் அப்பாவோடு அப்பாயி படகில் ஏறினார். அலையில் படகு மேலே எழும் நேரம் பார்த்துக் கப்பல் ஏணியில் கால் வைக்க வேண்டும். ஒருத்தர் பிள்ளையை வாங்கிக்கொள்ள, இன்னொருத்தர் கையைப் பிடித்து இழுத்தார். "அந்த ஒரு நொடிதான் பயந்தேன், அப்பறம் கடலே பழகிப்போச்சு" என்பார்.

டெக்கில் ஆளுக்கு ஒரு பாய் அகலம் இடம். தகரப்பெட்டியை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்வார்கள். முதல் இரண்டு நாளும் குமட்டல். எலுமிச்சங்காய் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். மூன்றாம் நாள் பக்கத்துப் பாய்ப் பெண்களோடு பேச்சு தொடங்கியது. கணவனிடம் போகிற பெண்கள் அந்தப் பயணத்தில் நிறையப் பேர் இருந்தார்களாம். எல்லோரையும் துரத்தியது ஒரே சட்டம். ஒருத்தி கல்யாணமாகி மூன்று மாதம் மட்டும் கணவனோடு இருந்தவள். அவருடைய முகம் சரியாக ஞாபகம் இல்லை என்று அப்பாயியிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள். கல்யாணப் படத்தை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், மேசை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். முதல் கேள்வி: "புருஷன் பேரு என்ன?"

அப்பாயி வாய் திறக்கவில்லை. கணவன் பேரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவர். மறுபடி கேட்டார்கள். பேசாமல் நின்றார். பேர்கூடத் தெரியாதவள், யாருடைய சீட்டிலோ வந்தவள் என்று நினைத்திருப்பார்கள் போல, அதிகாரியின் குரல் ஏறியது. அப்பாயி இடுப்பிலிருந்த பிள்ளையைக் கிள்ளி, "அப்பா பேரு சொல்லுடா தங்கம்" என்றார். அப்பாவுக்கு மூன்றரை வயது. தகப்பனைப் பார்த்ததே இல்லை. பேரை மட்டும் ஊரில் தினமும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிள்ளை இனிஷியலோடு சொன்னது. மொழிபெயர்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். முத்திரை விழுந்தது.

அத்தையை அழைத்துக்கொள்ளும் அடுத்த வருடம் வரவேயில்லை. அவர் 6 வயது தாண்டியவர். மனுக்கள் போட்டுப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. ஊரில் தன் பாட்டியோடு வளர்ந்து, பெற்றவர்களைக் கடிதத்தில் மட்டும் அறிந்தார். 1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களின் வேலை அனுமதிகளை மலேசிய அரசு நெருக்கியபோது ஆயிரக்கணக்கான இந்தியர்களோடு தாத்தாவும் குடும்பத்தோடு திரும்பினார். அப்போது அத்தைக்குக் கல்யாணமாகிக் கையில் குழந்தை. அப்பாயியை அவர் கடைசிவரை "வாங்க, போங்க" என்றுதான் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் மற்ற யாரும் அம்மாவை அப்படிக் கூப்பிடுவதில்லை.

கப்பல் போய் விமானம் வந்தது; பிழைக்கப் போகும் தடம் பிரிட்டனுக்கும் நீண்டது. ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானம் 1948 ஜூன் 8ஆம் தேதி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாகப் போனது. 1960இல் ஜெட் விமானங்கள் வந்தன. வாரக்கணக்கான பயணம் ஒரு பகலுக்குள் அடங்கியது. கரையிறங்கும் இடத்தில் இருந்த கேள்வி மட்டும் அடங்கவில்லை. பிரிட்டனில் 1969ஆம் ஆண்டுச் சட்டம், மனைவியும் பிள்ளைகளும் தத்தம் நாட்டிலேயே நுழைவுச் சான்று வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும் என்றது. டெல்லியிலும் டாக்காவிலும் இஸ்லாமாபாத்திலும் வரிசை வருடக்கணக்கில் நீண்டது. தமிழர்களைவிடப் பஞ்சாபியரும் சில்ஹெட் வங்காளிகளும் இதில் அதிகம் வதைபட்டார்கள். மனைவியைத் தனியாகவும் கணவனைத் தனியாகவும் உட்காரவைத்து, வீட்டில் எத்தனை அறை, கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டார்கள். பதில்கள் பொருந்தவில்லை என்றால் கல்யாணமே பொய் என்று முடிவு.

அந்த வரிசையின் நிழல்தான் 1979 ஜனவரி 24ஆம் தேதி ஹீத்ரோவில் ஒரு பெண்மேல் விழுந்தது. 35 வயது இந்தியப் பள்ளி ஆசிரியை. லண்டனிலிருந்த தன் வருங்காலக் கணவரை மணக்க வந்தவர். மூன்று மாதத்துக்குள் மணம் முடிக்க வரும் பெண்ணுக்கு அன்றைய விதிப்படி முன்கூட்டிய சான்று தேவையில்லை. ஏற்கனவே மணமானவள், வரிசையைத் தாண்டப் பொய் சொல்கிறாள் என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். ஓர் ஆண் மருத்துவரைக் கொண்டு அவருக்குக் கன்னிமைப் பரிசோதனை செய்தார்கள். நெடும்பயணம் முடிந்து, வெளியே காத்திருக்கும் மனிதரைப் பார்க்கும் முன் அவருக்கு நேர்ந்தது அது. பிப்ரவரி 1ஆம் தேதி கார்டியன் பத்திரிகை செய்தி வெளியிட்டது. உள்துறை அமைச்சர் மெர்லின் ரீஸ் அந்தப் பரிசோதனைக்குத் தடை போட்டார். ஆசிய, கறுப்பினப் பெண்கள் ஹீத்ரோவிலேயே உட்கார்ந்து போராடினார்கள். ஏதோ ஒரு முறை நடந்த தவறு என்ற பேச்சு நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் பிரிட்டிஷ் கோப்புகளைத் தேடி, துணைக்கண்டத்தில் குறைந்தது 80 பெண்களுக்கு இது நடந்ததை 2011இல் வெளிக்கொணர்ந்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த 80 பேரில் யாரும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லியிருப்பார்களா?

அதன்பின் விஞ்ஞானம் உதவிக்கு வந்தது. லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டுபிடித்த டிஎன்ஏ ரேகை முதன்முதலில் பயன்பட்டது கொலை வழக்கில் அல்ல. 1985இல், கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன், அவனைத் தன் மகன் என்று சொன்ன தாயின் பிள்ளைதான் என்று காட்டுவதற்கு. அதே வருடம் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் மூன்று பெண்கள் வென்றார்கள். ஆண்கள் மனைவியை அழைத்துக்கொள்ளலாம், பெண்கள் கணவனை அழைப்பது மட்டும் கடினம் என்ற பாகுபாடு தவறு என்றது தீர்ப்பு. பிரிட்டிஷ் அரசு பெண்களுக்கு உரிமையைக் கூட்டவில்லை. ஆண்களுக்கும் விதியைக் கடினமாக்கி இருவரையும் சமமாக்கியது.

நான் விமானமேறியது 2016இல். என் கணவர் லண்டன் கிராய்டனில் ஒரு சரக்குக் கிடங்கில் வேலை செய்தார். 2012 ஜூலையிலிருந்து, மனைவியை அழைக்க வருடம் 18,600 பவுண்டு வருமானம் காட்டவேண்டும். அவருடைய சம்பளம் கொஞ்சம் கீழே நின்றது. சனி, ஞாயிறு இரவுகளில் இன்னொரு வேலை பிடித்து, ஆறு மாதச் சம்பளச் சீட்டு சேரும்வரை பொறுத்தோம். நான் சென்னையில் காசநோய்க்கு எக்ஸ்ரே எடுத்தேன், ஆங்கிலத் தேர்வு எழுதினேன். எங்கள் உறவு மெய்யானது, தொடர்ந்து இருப்பது என்று காட்ட, கல்யாணப் படங்களோடு வாட்ஸ்அப் பேச்சையும் அச்செடுத்தோம். சண்டை போட்ட நாட்களை நீக்கலாமா என்று கேட்டேன். "வேணாம், சண்டைதான் நம்புவாங்க" என்றார். கடைக்காரப் பையன் அச்சான தாள்களைப் படிக்காமல் அடுக்கிக் கொடுத்தது இன்றும் நன்றியோடு நினைவிருக்கிறது.

பத்து மணி நேரத்துக்கு மேல் நீளும் அந்தப் பயணத்தில், தாள்கள் அடங்கிய கோப்பினை மேலே வைக்க மனம் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோதும் மடியிலேயே வைத்திருந்தேன். எதிரே திரையில் சின்ன விமானம் அரபிக் கடலைத் தாண்டிப் பாலைவனத்தின்மேல் ஊர்ந்தது. அப்பாயி மூன்றாம் நாள்தான் தலை தூக்கினார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு மூன்றாம் நாள் என்பதே கிடையாது. ஆனால் இருவருக்கும் மடியில் இருந்தது ஒன்றுதான். ஹீத்ரோவில் அதிகாரி யாரிடம் போகிறாய் என்று கேட்டார். என் கணவர் பேரை இனிஷியலோடு சத்தமாகச் சொன்னேன்.

2024 ஏப்ரலில் வருமான வரம்பு 29,000 பவுண்டு ஆனது. கூலி வேலை செய்கிறவன் குடும்பத்தோடு வாழ விலை வைப்பதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். தோட்டத்துரைகள் போட்ட கணக்கும் இதுதான். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி, கல்யாணமாகி ஊரிலேயே இருக்கிறாள். கணவர் இங்கே ஒரு சமையலறையில் வேலை. சம்பளம் எட்டவில்லை. குழந்தை பிறந்தால் என்ன செய்வது என்று இரவில் போன் செய்து கேட்கிறாள். அத்தையைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை. கணவர் வந்து போகும் ஒவ்வொரு விமானச் சீட்டையும் எடுத்து வை, பணம் அனுப்பும் ரசீதை எறியாதே, ஆங்கிலத் தேர்வை இப்போதே எழுதிவிடு என்கிறேன். அவள் கணவருக்குச் சம்பளம் கூடுதலான ஒரு வேலையைக் கிராய்டன் பக்கம் என் கணவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.