நாற்பத்தொன்றில் வென்ற ஆசிரியர்



எங்கள் பள்ளியின் குறுக்கோட்டப் போட்டி நடந்த காலைப்பொழுது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க ஓட மாட்டீங்களா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அருகில் நின்ற பெற்றோர் ஒருவர் முந்திக்கொண்டார். "டீச்சருக்கு வயசாயிடுச்சும்மா. இனிமே ஓடுனா நெஞ்சு தாங்காது" என்றார். எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆயினும் அச்சொல் வீடுவரை என்னோடு வந்தது.

எனக்கு வயது நாற்பத்து நான்கு. சென்ற ஆண்டு, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் தந்தையார் மாரடைப்பால் மறைந்தவர். ஆகவே, 'நெஞ்சு தாங்காது' என்பதை என்னால் வெறும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள இயலவில்லை. இந்த அச்சம் எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று தேடிப் படித்தேன். அத்தேடலில் அறிமுகமானவர்தாம் கிளாரன்ஸ் டிமார் என்னும் அமெரிக்கர். அவரும் நம்மைப் போல ஓர் ஆசிரியர் என்பதால் அவர் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மருத்துவரின் எச்சரிக்கை

டிமார் 1888ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். குடும்பம் மாசசூசெட்ஸ் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தது. வறுமையின் காரணமாக, பாஸ்டன் துறைமுகத் தீவொன்றில் இருந்த பண்ணைப் பள்ளியில் அவர் சேர்க்கப்பட்டார். பின்னர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில்தான் குறுக்கோட்டத்தில் இறங்கினார். அச்சுத் தொழிலாளியாக வேலை பார்த்தபோது, வேலைக்குப் போவதும் வருவதும் ஓட்டமாகவே இருந்தது. தனியாகப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க வசதியில்லாத ஏழை உழைப்பாளி கண்ட வழி அது!

1910இல் பாஸ்டன் மராத்தானில் இரண்டாம் இடம் பெற்றார். மறு ஆண்டு, போட்டிக்கு முன் அவரைச் சோதித்த மருத்துவர், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்பதாகச் சொன்னார். களைப்பு தோன்றினால் உடனே விலகிவிட வேண்டும், இதுவே கடைசி ஓட்டமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். டிமார் ஓடினார், 2 மணி 21 நிமிடம் 39 விநாடியில் முதலாவதாக வந்து புதிய சாதனையும் படைத்தார். அப்போதைய பாதை இன்றைய 42.195 கிலோமீட்டரை விடச் சற்றுக் குறைவானது. அவருக்கு அப்பொழுது வயது 22.

அந்த மருத்துவரை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. கடும் ஓட்டம் இதயத்தைப் பெருக்கச் செய்து கெடுத்துவிடும் என்பது அக்காலத்து மருத்துவர் பலரின் நம்பிக்கை. இளைஞனுக்கே ஆகாது என்றால், நாற்பதைக் கடந்தவருக்குச் சொல்லவும் வேண்டுமா? நம் குறுக்கோட்டத் திடலில் அந்தப் பெற்றோர் சொன்ன சொல்லின் வேர் அத்தனை பழையது.

மீண்டும் களத்தில்

1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிமார் 12ஆம் இடத்தில் முடித்தார். அதன்பின் சில ஆண்டுகள் பெரிய போட்டிகளிலிருந்து பெரும்பாலும் ஒதுங்கியிருந்தார். மருத்துவர் எச்சரிக்கை ஒருபுறம். வேலையும் படிப்பும் மறுபுறம்.

1922இல், 33 வயதில், பாஸ்டனில் மீண்டும் வென்றார். 1923, 1924 ஆகிய ஆண்டுகளிலும் அவரே முதல்வர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 36 வயதில் வெண்கலப் பதக்கம் பெற்றார். பிறகு 1927, 1928ஆம் ஆண்டுகளிலும் பாஸ்டனில் வெற்றி கிட்டியது.

இவ்வேளையில் அவர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள கீன் நார்மல் பள்ளியில் அச்சுக்கலை கற்பிக்கும் ஆசிரியரானார். 'நார்மல் பள்ளி' என்பது ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக்கூடம்; நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி போன்றது. வாரம் முழுதும் வகுப்பறையில் நின்று கற்பித்த அந்த ஆசிரியர், 1930 ஏப்ரலில் பாஸ்டன் மராத்தானை ஏழாவது முறையாக வென்றார். வயது 41! இன்றுவரை அப்போட்டியின் ஆடவர் ஓட்டத்தில் அந்த வயதில் வேறு எவரும் வென்றதில்லை. ஏழு வெற்றிகளையும் எவரும் எட்டவில்லை.

எனினும் என்னைக் கவர்ந்தது அந்த ஏழு வெற்றிகள் அல்ல, அவற்றுக்குப் பின் வந்த ஆண்டுகளே. வெல்ல முடியாத வயதிலும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். இளைஞர்கள் அவரைக் கடந்து சென்றனர். அவர் தம் வேகத்தில் ஓடி முடித்தார். கடைசியாகப் பாஸ்டன் மராத்தானில் அவர் ஓடியது 1954இல், 65 வயதில். மொத்தத்தில் 30 முறைக்கு மேல் அப்போட்டியில் பங்கேற்றிருக்கிறார்.

இதயம் சொன்ன சாட்சி

1958 ஜூன் 11ஆம் நாள் டிமார் காலமானார். அவர் உயிரைக் கொண்டு சென்றது புற்றுநோய். மருத்துவர் அஞ்சிய இதயம் அன்று. புகழ்பெற்ற இதயநோய் மருத்துவர் பால் டட்லி வைட்டும் ஜேம்ஸ் கரன்ஸும் அவருடைய பிரேதப் பரிசோதனை முடிவுகளை 1961இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியிட்டனர். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இயல்பை விட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிவு ஓரளவு இருந்தது. ஆனால் குழாய் அத்தனை அகலமாக இருந்ததால், படிவு இரத்த ஓட்டத்திற்குத் தடையாகவில்லை.

ஒரு மனிதரின் இதயத்தை வைத்து உலகத்திற்கே விதி எழுதிவிட முடியாது. அகன்ற தமனிகள் பிறவியிலேயே அமைந்திருக்கவும் கூடும். ஆகவே இன்னொரு சான்றையும் பார்ப்போம்.

ஓட்டுநரும் நடத்துநரும்

இலண்டனில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர், மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காகப் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஒரே பேருந்து, ஒரே நகரம். உடலுழைப்பு மட்டும் வேறு. நடத்துநர்களிடையே மாரடைப்பு குறைவு என்று மோரிஸ் குழுவினர் 1953இல் வெளியிட்டனர். நடந்து கடிதம் கொடுத்த அஞ்சல்காரர்களை, அமர்ந்து வேலை செய்த எழுத்தர்களோடு ஒப்பிட்டபோதும் இதே நிலைதான். மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

இதைப் படித்தபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். அவர் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்து, பின் பால் வாளி சுமந்து வருவார். ஓய்வு பெற்று வீட்டுத் தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்தவர், அதிலிருந்து அதிகம் எழவில்லை. "உழைச்சது போதும்ப்பா, உட்காருங்க" என்று சொன்னவர்கள் பிள்ளைகளாகிய நாங்களே! அவர் புகைபிடிப்பவர், ஆகவே அவர் மறைவுக்கு அந்த நாற்காலிதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்பின் பெயரால் அவரை அமரவைத்தோம் என்பது மட்டும் என் நெஞ்சை இன்றும் உறுத்துகிறது.

நம் பெற்றோர் நடத்துநர்களைப் போல வாழ்ந்தனர். நாமோ மகிழுந்தில் அமர்ந்து பள்ளிக்கு வந்து, அமர்ந்தே பயிற்சிநூல் திருத்தி, மாலையில் தொலைக்காட்சி முன் அமரும் ஓட்டுநர்களாகிவிட்டோம். நம் பிள்ளைகளும் நம்மைப் பார்த்தே வளர்கிறார்கள்.

நிறைவாக...

இவற்றையெல்லாம் படித்துவிட்டு மறுநாளே நான் ஓடிவிடவில்லை. முதலில் என் மருத்துவரிடம் சென்றேன். அவர் இதயத்தைச் சோதித்து, "ஓடலாம். முதலில் நடங்கள், மெல்லக் கூட்டுங்கள். நெஞ்சில் வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி வந்து பாருங்கள்" என்றார். 1911இல் டிமார் கேட்ட அறிவுரைக்கும் இதற்கும் எத்தனை தொலைவு! நாற்பதைக் கடந்து ஓடத் தொடங்கும் எவரும் இப்படிச் சோதித்துக்கொள்வது நன்று.

இப்பொழுது வாரத்தில் நான்கு மாலைகள் பள்ளித் திடலைச் சுற்றி வருகிறேன். இரண்டு சுற்று நடை, ஒரு சுற்று மெதுவோட்டம். அந்த நான்காம் ஆண்டு மாணவி, அம்மா வந்து அழைத்துச் செல்லும்வரை என்னோடு ஓடுகிறாள். பாதிச் சுற்றிலேயே என்னை முந்திவிடுகிறாள். சென்ற வாரம் அவளுடைய அம்மாவும் காலணி அணிந்து வந்திருந்தார்.